அளவு சொல்லாத மருந்து: ஷுங்கைட், கன்மதம், கொட்டாங்கச்சிக் கரி

கரிமம் மிகுந்த கனிமப் பொருள்களுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்ற கருத்து இன்று சென்னையில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் புழங்குகிறது. உருசியாவின் கரேலியாப் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் ஷுங்கைட் என்னும் கறுப்புக் கல், கழுத்துப் பதக்கமாகவும், கைபேசியின் முதுகில் ஒட்டும் வில்லையாகவும், தண்ணீர்க் குடத்தில் போட்டுவைக்கும் சரளையாகவும் இணைய வணிகத்தின் வழியே வேளச்சேரி அடுக்ககங்கள் வரை வந்து சேர்கிறது. சித்த மருத்துவம் உபரசங்களுள் ஒன்றாக வைத்து எண்ணும் கன்மதம், சிலாஜித் என்ற வடநாட்டுப் பெயரோடு பிசினாகவும் மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் ஆதரவாகப் பேசுவோர் அடிக்கடி சான்றாகக் காட்டுவது மூன்றாவது ஒரு பொருளை; அதாவது, நீர் வடிகட்டிகளிலும் நஞ்சு முறிவு மருத்துவத்திலும் பயன்படும் கிளர்வுற்ற கரியை. கரி நஞ்சை ஈர்க்கும் என்றால் கரிமம் நிறைந்த கல்லும் ஈர்க்கும் என்பது அவர்களது வாதத்தின் சாரம். இந்த வாதம் எவ்விடத்தில் சரி, எவ்விடத்தில் முறிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பொருள் மருந்தாவதை அதிலுள்ள தனிமம் தீர்மானிப்பதில்லை. அப்பொருள் உடலில் எதைத் தொடுகிறது, எவ்வளவு கொடுக்கப்படுகிறது, எத்தனை நேரம் அல்லது எத்தனை நாள் செயற்படுகிறது என்ற வினாக்களுக்கு விடை சொல்ல முடிகிறதா என்பதே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

தனிமத்தை மட்டும் கொண்டு ஒரு பொருளின் குணத்தைச் சொல்ல முடியாது என்பதற்குக் கரிமத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. வைரத்தை எரித்து, அது கரிமமே என்று 1797ஆம் ஆண்டில் ஸ்மித்சன் டெனன்ட் நிறுவினார். சிவகங்கையில் வெட்டியெடுக்கப்படும் கிராஃபைட்டும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், அடுப்புக் கரியும் கரிமத்தை முதன்மையாகக் கொண்டவையே. இவற்றுள் ஒன்று கண்ணாடியை அறுக்கிறது, மற்றொன்று மின்சாரத்தைக் கடத்துகிறது, இன்னொன்று கொதிகலனில் எரிகிறது. அணுக்கள் பிணைந்திருக்கும் முறை, இடையிலுள்ள நுண்துளைகள், உடன் கலந்துள்ள பிற கனிமங்கள் ஆகியவையே ஒவ்வொன்றின் நடத்தையையும் வகுக்கின்றன. ஆகவே ஒரு கல்லில் கரிமம் 30 விழுக்காடு என்றோ 98 விழுக்காடு என்றோ விளம்பரத்தில் அச்சிடுவது அக்கல்லின் மருத்துவக் குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதாகாது.

ஷுங்கைட், ஒனேகா ஏரிக்கரையிலுள்ள ஷுங்கா என்ற ஊரை ஒட்டிய, ஏறத்தாழ 200 கோடி ஆண்டு பழைமையுள்ள பாறையடுக்குகளில் கிடைக்கிறது. ஒழுங்கான படிக அமைப்பு இல்லாததால் கனிமவியலார் இதைக் கனிமப்போலி என்ற வகையில் சேர்ப்பர். கரிமம் 98 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பளபளப்பான வகை அரிது. பெருமளவில் வெட்டப்படும் பாறையில் கரிமம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும், எஞ்சியது குவார்ட்சு, மைக்கா, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டு முதலியவையாகவும் இருக்கும். இக்கல்லின் புகழுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, பேரரசர் முதலாம் பீட்டர் 1719ஆம் ஆண்டில் கரேலியாவில் நிறுவிய நீர்மருத்துவத் தலம். அந்நீருக்கு அன்றைய மருத்துவர்கள் காரணமாகக் கண்டது அதில் கரைந்திருந்த இரும்பையே ஆயினும், அக்கம்பக்கத்துப் பாறையின் பெயரில் அப்பெருமை பிற்காலத்தில் வரவு வைக்கப்பட்டது. மற்றொன்று ஃபுல்லரீன். 60 கரிம அணுக்கள் உள்ளீடற்ற ஒரு கூடாகப் பிணைந்த இம்மூலக்கூறு 1985ஆம் ஆண்டில் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. அதற்காக குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகிய மூவருக்கும் 1996ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1992ஆம் ஆண்டில் ஷுங்கா பாறை மாதிரியொன்றில் ஃபுல்லரீன் இருப்பதாக ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பின்னர் வேறு மாதிரிகளை ஆராய்ந்தோர் சிலர் மிகமிகச் சிறிய அளவையும், சிலர் ஒன்றுமில்லாமையையும் கண்டனர். ஆனால் வணிக உலகம் முதல் அறிக்கையோடு நின்றுவிட்டது.

ஃபுல்லரீன் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் வாதம் முன்னேறுவதில்லை. அம்மூலக்கூறு தூய நீரில் கரைவது அரிது. ஆகவே குடத்துத் தண்ணீரில் கிடக்கும் கல்லிலிருந்து அது குடிப்பவரின் உடலுக்குள் சென்று செயற்படும் என்று கொள்ள வழியில்லை. எண்ணெயில் கரைத்துக் கொடுத்த சோதனைகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆலிவ் எண்ணெயில் கலந்த ஃபுல்லரீன் எலிகளின் ஆயுளை ஏறத்தாழ இருமடங்காக்கியது என்று 2012ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினர்; அதே கலவை சுண்டெலிகளின் ஆயுளை நீட்டவில்லை என்றும், ஒளி பட்டால் அது நச்சுத் தன்மை அடைகிறது என்றும் 2021ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. ஷுங்கைட்டையே நேரடியாக ஆராய்ந்த ஒரு கொரிய ஆய்வும் உண்டு. முடியற்ற சுண்டெலிகளின் தோலில் புறஊதாக் கதிர் விளைக்கும் கேட்டை அது குறைத்ததாக 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அது மேலும் ஆராயத் தக்க ஒரு தொடக்கமே. சுண்டெலியின் தோலில் கண்டதைக் கொண்டு மனிதரின் தூக்கமின்மை, மூட்டுவலி, இரத்த அழுத்தம் வரை உரிமை கொண்டாடுவதற்கு அதில் இடமில்லை.

இனி, கரிம வாதத்தின் உண்மையான அடித்தளத்துக்கு வரலாம். கரியின் மெய்யான ஆற்றலுக்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். நீரிலோ காற்றிலோ உள்ள மூலக்கூறுகள் ஒரு திடப்பொருளின் மேற்பரப்பை அணுகும்போது, வேதிவினை ஏதும் இன்றியே, மெல்லிய ஈர்ப்பு விசைகளால் அங்கே ஒட்டி நிற்பதை அது குறிக்கும். ஒட்டுவதற்கு இடம் வேண்டும். ஆகவே பரப்பே இங்கு மூலதனம். கொட்டாங்கச்சியைக் காற்றோட்டம் குறைத்துச் சுட்டுக் கரியாக்கி, அக்கரியை 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியில் வாட்டும்போது, கரியின் உட்புறம் அரிக்கப்பட்டுக் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் திறந்து, அது கிளர்வுற்ற கரியாகிறது. அத்துளைகளிற் பல 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. ஒரு கிராம் நல்ல கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். சென்னை மனைக் கணக்கில் சொன்னால் ஒரு சிட்டிகைக் கரிக்குள் நான்கு கிரவுண்டுக்கும் அதிகமான நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இயற்கையான ஷுங்கைட்டின் பரப்போ பெரும்பாலான அளவீடுகளில் கிராமுக்குச் சில பத்துச் சதுர மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது; அதுவும் பொடித்து அளந்தால். கூழாங்கல் அளவில் குடத்தில் கிடக்கும்போது நீர் தொடுவது அதன் புறத்தோலை மட்டுமே.

நீரைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு வேளச்சேரி போன்ற ஒரு பகுதிக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பும் சுருங்கிய நிலத்தில் எழுந்த இப்பகுதியின் வீடுகள் மெட்ரோ வாட்டர், ஆழ்துளைக் கிணறு, லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று பல மூலங்களை மாற்றி மாற்றி நம்பியிருக்கின்றன. சுவரில் ஓர் ஆர்.ஓ. கருவி இல்லாத சமையலறை அரிதாகிவிட்டது. அக்கருவியின் உறைகளுள் ஒன்றைத் திறந்தால் உள்ளே இருப்பது கரிதான். அது குளோரினையும், வாடையையும், கரிம வேதிப்பொருள்கள் பலவற்றையும் நீக்குகிறது. குளோரின் அரித்துவிடாமல் அடுத்துள்ள சவ்வைக் காப்பதும் அதன் வேலை. ஆனால் நீரிலுள்ள உப்பை அது குறைப்பதில்லை. கிருமியைக் கொல்வதும் இல்லை. பரப்பு நிரம்பிய பிறகு எதையும் பிடிப்பதில்லை என்பதால்தான் குறித்த காலத்தில் மாற்றச் சொல்கிறார்கள். தன் வரம்பைத் தானே அறிவிக்கும் பொருள் அது. வேளச்சேரிக்கு அண்டையிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, சர்க்கரையைச் சூடாக்கி ஆற்றுமணல் மீது கிராஃபீன் என்னும் கரிமப் படலமாகப் படியவைத்து, பூச்சிக்கொல்லியையும் சாயத்தையும் நீரிலிருந்து அகற்றும் முறையை 2012ஆம் ஆண்டில் வெளியிட்டது. எந்த நஞ்சு, எவ்வளவு மணலுக்கு எவ்வளவு நீங்கும் என்று அளந்து சொன்னதே அவ்வாய்வின் மதிப்பு. கல்லைக் குடத்தில் போட்டு இரண்டு நாள் வைத்தால் நீர் ‘உயிர்ப்பு’ பெறும் என்ற கூற்றில் அத்தகைய அளவு எதுவும் இல்லை.

அளவு இல்லாதது மட்டுமன்று, தீங்குக்கும் இடமுண்டு. ஷுங்கைட்டிலுள்ள பைரைட்டு முதலிய கந்தகக் கனிமங்கள் நீரும் காற்றும் பட்டால் சிதைந்து அமிலத் தன்மையையும் உலோகங்களையும் நீரில் விடக்கூடியவை. இக்கல்லைக் குடிநீரில் இடுவது சரியா என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு 2021ஆம் ஆண்டில் லாட்வியாவிலிருந்து வெளிவந்த ஆய்வு, தொடக்க நாட்களில் நிக்கல் உள்ளிட்ட உலோகங்கள் நீரில் கரைந்து வருவதைப் பதிவு செய்தது. இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம் நிக்கலுக்கு லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்ற எல்லையே வகுத்திருக்கிறது. தூய்மைக்காக இடப்படும் கல் இந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்காமல் குழந்தைகள் குடிக்கும் நீரில் அதைப் போடுவது பொறுப்பான செயலாகாது.

கரி மருந்தாகப் பயன்படும் இடம் உண்மையில் ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம்: நஞ்சு உட்கொண்டவருக்கு, அந்நஞ்சு குடலிலிருந்து இரத்தத்தில் ஏறுமுன் அதைப் பிடித்து நிறுத்துவது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் கிளர்வுற்ற கரி நஞ்சுமுறியாக இடம்பெற்றுள்ளது. வளர்ந்தவர் ஒருவருக்கு 50 கிராம் அளவில், பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், மருத்துவமனையில் கொடுக்கப்பட வேண்டியது அது. இரும்பு, லித்தியம், சாராயம் ஆகியவற்றை அது பிடிப்பதில்லை. அமிலமும் காரமும் குடித்தவருக்குக் கொடுப்பதில்லை. பொருள், அளவு, நேரம், விலக்கு ஆகிய நான்கும் தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பதால்தான் அதைச் சோதித்துப் பார்க்கவும் முடிந்தது. அச்சோதனைகளுள் தலைசிறந்தவை தமிழகத்துக்கு மிக அருகே, இலங்கையில் நடந்தன.

மஞ்சள் அரளி நஞ்சால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 401 பேரிடம் நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளிவந்த சோதனையில், கரியைத் திரும்பத் திரும்பக் கொடுத்த பிரிவில் 2.5 விழுக்காட்டினரும், முதல் தவணைக்குப் பிறகு வெற்று மருந்து கொடுத்த பிரிவில் 8 விழுக்காட்டினரும் இறந்தனர். கரியின் வெற்றி என்று இதைக் கொண்டாடி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அரளி நஞ்சோடு பூச்சிக்கொல்லி நஞ்சையும் சேர்த்து, மூன்று மருத்துவமனைகளில் 4,632 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட மிகப் பெரிய சோதனையின் முடிவு 2008ஆம் ஆண்டில் அதே இதழில் வந்தது. பலமுறை கரி பெற்றவர்களுள் 6.3 விழுக்காட்டினரும், கரியே பெறாதவர்களுள் 6.8 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர்; இவ்வேறுபாடு தற்செயலாகவும் அமையக்கூடிய அளவே. கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு உள்ள, செயற்படும் விதம் ஐயமற விளங்கிய, ஒரு நூற்றாண்டாக மருத்துவர் கையாளும் பொருளே கண்டிப்பான சோதனையில் உயிர் காத்ததாக மெய்ப்பிக்க இயலாமற் போனது. நோயாளிகள் தாமதமாக வந்து சேர்ந்தது இதற்கொரு காரணமாகலாம் என்ற விவாதம் இன்றும் உண்டு. ஆய்வகத்தில் உண்மையான ஒரு பண்பு நோயாளியின் படுக்கையருகே தானாகவே குணமாக மாறிவிடுவதில்லை என்பதை இதைவிட அழுத்தமாகக் காட்டும் சான்று கரிமத்தின் வரலாற்றில் இல்லை. ஷுங்கைட் ஆதரவாளர்கள் கரியைத் துணைக்கு அழைக்கும்போது இந்த இரண்டாவது சோதனையையும் சேர்த்தே அழைத்தாக வேண்டும்.

கைபேசிக் கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்ற கூற்றை நெடிது ஆராய வேண்டியதில்லை. ஷுங்கைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பது உண்மை. மின்கடத்தும் பொருளால் ஓர் அறையை முழுதும் மூடினால் வானொலி அலை உள்ளே நுழைவது குறையும் என்பதும் உண்மை. ஆனால் கழுத்தில் தொங்கும் பதக்கம் எதையும் மூடுவதில்லை. கைபேசி மீது ஒட்டிய வில்லை அலையை உண்மையிலேயே தடுத்தால், கோபுரத்தை எட்டுவதற்காகக் கைபேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். இத்தகைய காப்புகள் கதிர்வீச்சை அதிகரிக்கவும் கூடும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் எச்சரித்திருக்கிறது. தடுக்காவிட்டால் அது வெறும் ஒட்டுத்தாள். இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளுக்கு உடல் ஈர்க்கும் ஆற்றலின் எல்லை கிலோவுக்கு 1.6 வாட் என்று வகுக்கப்பட்டுள்ளது. கவலை உள்ளவர் பார்க்க வேண்டியது அந்த எண்ணை. நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில், கதிர்வீச்சுக் காப்பு என்று விற்கப்பட்ட பத்துப் பொருள்கள் தாமே அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுவதைக் கண்டு அணிய வேண்டாம் என்று அறிவித்தது. அவை ஷுங்கைட் அல்ல. ஆயினும் காப்பு என்ற சொல்லை நம்பிச் சோதிக்கப்படாத கல்லை மார்பில் அணிவது எங்கே கொண்டுவிடும் என்பதை அந்நிகழ்வு காட்டுகிறது.

கன்மதத்தை ஷுங்கைட்டோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. இமயம், அல்தாய் முதலிய மலைகளின் பாறை வெடிப்புகளில் கோடைக் காலத்தில் கசியும் இக்கருநிறப் பிசின், தாவரப் பொருள்கள் நெடுங்காலம் மட்கிப் பாறையோடு கலந்து உருவானது என்று கருதப்படுகிறது. இதன் பெரும்பகுதி ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்கள் எனப்படும் மட்குப் பொருள்கள். மண்வளத்துக்காகப் பழுப்பு நிலக்கரியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவனவும் இவ்வகை அமிலங்களே. சரக சங்கிதை பொன், வெள்ளி, செம்பு, இரும்பு ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. சித்த மருத்துவர் சிறுநீர்ப் பாதை நோய்களுக்கும் உடல் வலுவுக்கும் இதைப் பயன்படுத்தி வந்துள்ளனர். இங்கே கவனிக்கத் தக்கது மரபின் நடைமுறை ஒழுக்கம். வந்தபடியே உண்ணக்கூடாது, நீரிலோ திரிபலைக் கசாயத்திலோ கரைத்து, வடித்து, வெயிலில் உலர்த்திச் சுத்தி செய்ய வேண்டும். இன்ன அளவு, இன்ன அனுபானம், இத்தனை நாள், இன்ன பத்தியம் என்ற வரையறை உண்டு. அளவையும் காலத்தையும் சொல்லும் மருந்தைச் சோதிக்கலாம். மரபு தன்னை அறியாமலே நவீனச் சோதனைக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

சோதனைகளும் சில நடந்துள்ளன. விந்தணு குறைந்த ஆண்கள் 35 பேருக்கு 100 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு இருமுறை 90 நாள் கொடுத்த ஆய்வு 2010ஆம் ஆண்டிலும், 45 முதல் 55 வயதுடைய நலமான ஆண்களுக்கு 250 மில்லிகிராம் வீதம் இருமுறை 90 நாள் கொடுத்து வெற்று மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2016ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இரண்டும் முன்னேற்றம் கண்டதாகவே கூறுகின்றன. ஆனால் முதலாவதில் ஒப்பீட்டுப் பிரிவே இல்லை, இரண்டாவது சிறியது. இரண்டிலும் பயன்பட்டது தூய்மை செய்து தரப்படுத்திய சரக்கு. அந்த முடிவைக் காட்டித் தரப்படுத்தாத பிசினை விற்பது மரபுக்கும் அறிவியலுக்கும் ஒருசேர இழைக்கும் துரோகம். மட்குப் பொருள்கள் உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை; ஆகவே எந்த மலையில் கசிந்தது, எப்படிச் சுத்தி செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து ஈயமும் ஆர்சனிக்கும் உடன் வரலாம். ஏற்றுமதியாகும் இந்திய மருத்துவ மூலிகைச் சரக்குகளுக்கு 2006 ஜனவரி 1 முதல் உலோகப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. பத்து இலட்சத்தில் ஈயம் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்பவை எல்லைகள். அயல்நாட்டார் உடலுக்குக் காட்டிய இந்த அக்கறை, சென்னையில் வாங்கும் ஒவ்வொரு கன்மதக் குப்பியின் மேலும் அச்சிட்ட எண்ணாக வர வேண்டும். தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இருக்கும் நகரம் இது. கன்மதத்துக்குப் போதிய எண்ணிக்கையில் நோயாளிகளைக் கொண்ட, ஒப்பீட்டுப் பிரிவுள்ள சோதனையை நடத்த இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை.

அளவு சொல்லும் மருந்துக்கும் அற்புதம் சொல்லும் பொருளுக்கும் உள்ள இவ்வேறுபாட்டைச் சட்டம் முன்பே கண்டிருக்கிறது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம், 1954, தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றுக்கு நோய் நீக்கும் அற்புத ஆற்றல் உண்டென்று கூறும் விளம்பரத்தைத் தண்டனைக்குரியதாக்குகிறது. அணிந்தாலே போதும், அருகில் வைத்தாலே போதும் என்று விற்கப்படும் கரிமக் கல், வேதியியல் சொற்களை உடுத்திக்கொண்டாலும், இச்சட்டத்தின் பார்வையில் கவசமே. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்க வழிசெய்கிறது. இவ்விரு சட்டங்களும் இணையக் கடைகளின் பட்டியல் பக்கங்கள் மீது முனைப்போடு செலுத்தப்பட வேண்டும். புகார் வரும்வரை காத்திருப்பது போதாது.

நீரைப் பற்றி ஐயம் உள்ள குடும்பம் கல்லைத் தேடுவதற்கு முன் ஒரு புட்டி நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம்; கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் நீர்ப் பகுப்பாய்வு நடைபெறுகிறது. நோய் உள்ளவர் கன்மதம் உண்ண விரும்பினால், பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் அளவையும் நாளையும் கேட்டு, உலோகப் பரிசோதனைச் சான்று உள்ள சரக்கை மட்டும் வாங்க வேண்டும். உண்டுவரும் மற்ற மருந்துகளை அவரிடம் மறைக்கக் கூடாது. ஷுங்கைட்டைப் பொறுத்தவரை, எந்த நோய்க்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று விற்பவர் எழுத்தில் தந்து, அது மனிதரிடம் சோதித்து மெய்ப்பிக்கப்படும் வரை, அதை மருந்து என்று அழைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.